சாம்பிள் படி இரண்டு

செப்டம்பர் 14, திங்கள்

காலை 10.42-க்கு ஃபிட்டர் சென்னியப்பன் போன் செய்தார். நான் ஈரோட்டில், மோட்டார் காயில் கட்டும் கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், பாய்லர் வெடிச்சுப்போச்சுங்க."

நான் கேட்ட முதல் கேள்வி: "பிரஷர் எவ்வளவு இருந்துச்சு?"

அவர் அழுதார். அப்புறம்தான் பாய்லர் ரூமை ஒட்டி லேப் இருப்பது நினைவுக்கு வந்தது. லேபில் தாரணி. என் மனைவி. அந்தச் சாய ஆலையில் நான் மெயின்டனன்ஸ் இன்ஜினியர், அவள் துணிக்குக் கலர் பார்த்துச் சொல்பவள். இரண்டு பேருக்கும் ஒரே டிபன் பை.

பிரஷர் எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 16, புதன்

மயானத்திலிருந்து வந்து குளித்தேன். சோப்பு தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

செப்டம்பர் 18, வெள்ளி

இந்த நோட்டு ஆலையின் பழைய ஷிப்ட் புத்தகம். பாதி காலியாக இருந்தது. எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. யாருடனும் பேசாமல் இருக்க ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

வீடு நிறைய ஆட்கள். ஈரோட்டுப் பெரியம்மா என் காதுபட இன்னொரு பெரியம்மாவிடம் சொன்னாள்: "இவனுக்கு முப்பத்தியொண்ணுதான் ஆகுது. ஒரு வருசம் போகட்டும், பாத்துக்கலாம்." கையிலிருந்த காபி டம்ளரை அப்படியே சிங்க்கில் போட்டேன். சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். "வழுக்கிருச்சு" என்றேன். வழுக்கவில்லை.

மதியம் ஜி.எம். ரங்கராஜ் மாலையோடு வந்தார். தாரணியின் அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். பாய்லர் பார்க்கும் குப்புராஜ் டீ குடிக்கப் போன நேரத்தில் தண்ணீர் பம்ப் நின்றிருக்கிறது, தண்ணீர் குறைந்து பாய்லர் காய்ந்து வெடித்திருக்கிறது, ஆளைப் போலீஸ் பிடித்துவிட்டது என்றார்.

"டீ குடிக்கவா போனான்?" என்றார் மாமா.

"ஆமாங்க."

"அவன நான் ஒருக்கா நேர்ல பாக்கோணும் மாப்ளே. அடிக்கறதுக்கில்ல. ஒரு வார்த்த கேக்கோணும்."

எனக்கு அடிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஆறு வருடமாக அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்காமல் நகராதே. நாய்க்குச் சொல்லியிருந்தால்கூட நின்றிருக்கும்.

செப்டம்பர் 22, செவ்வாய்

காலை துணி துவைத்தேன். அவளுடைய சுடிதார் இரண்டு அழுக்குக் கூடையில் இருந்தன. தெரியாமல் சேர்த்துத் துவைத்துவிட்டேன். இனி அதில் ஒன்றும் இல்லை, சர்ஃப் வாசனைதான்.

பதினோரு மணிக்கு ஒரு பெண் வாசலில் நின்றாள். குப்புராஜின் மனைவி சரசாள். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தாள்.

"பத்து நிமிசமுங்க சார். பம்பு ஓடிட்டு இருந்துச்சு, அதனாலதான் போனாருங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

"பத்து நிமிசத்துலதான் என்ற பொண்டாட்டி செத்தா."

"தெரியுமுங்க சார்."

"தெரிஞ்சுமா வந்து நிக்கற?"

கதவைச் சாத்தினேன். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வெறுங்காலோடு போனாள். அதைப் பார்த்தும் கோபம்தான் வந்தது. என்னிடம் எதற்கு இந்த நாடகம்.

செப்டம்பர் 25, வெள்ளி

பாய்லர் இன்ஸ்பெக்டர் தேவசகாயம் ஆலைக்கு வரச் சொன்னார். போனேன். லேப் இருந்த பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

மேஜை மேல் வெள்ளைத் துணியில் ஒரு பிளக் வைத்திருந்தார். கட்டைவிரல் அளவு. நெருப்பு எரியும் அறையின் கூரையில் திருகி வைப்பது. இதன் நடுவில் ஈயம் இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்து கூரை காய்ந்தால் ஈயம் உருகும், அந்தத் துளை வழியாக நீராவி இறங்கி நெருப்பை அணைக்கும். ஆள் டீ குடிக்கப் போயிருந்தாலும், தூங்கிவிட்டாலும், செத்தே போனாலும் பாய்லரைக் காப்பாற்றுவதற்குத்தான் அது.

"இதுல ஈயம் இல்ல மிஸ்டர் லோகநாதன். முழுசும் பித்தளை. இது எங்க வாங்குனது?"

"ஸ்டோர் ரெக்கார்டு பாக்கணும் சார்."

"ஸ்டோர்ல இதுக்கு என்ட்ரி இல்ல. ஆகஸ்ட் எட்டாந்தேதி பாய்லரை நிறுத்தி ஏதோ ஒழுகல் சரி பண்ணுனதா மட்டும் இருக்கு. அன்னைக்கு நீங்க டியூட்டியா?"

"நாலு மணிக்கே கிளம்பிட்டேன் சார். மனைவிக்குக் கண் டெஸ்ட் இருந்துச்சு."

அது உண்மை. கலர் பார்ப்பவர்களுக்கு வருடா வருடம் கண் டெஸ்ட் உண்டு. ரசீதுகூட இருக்கிறது.

அவர் எழுதிக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காததற்கு நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 27, ஞாயிறு

கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் புக் செய்யும் நம்பர் அவள் பெயரில் இருக்கிறது.

அக்டோபர் 1, வியாழன்

கோயம்புத்தூர் கணபதியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ரங்கலட்சுமி ஒர்க்ஸாம், லேத் பட்டறை. "லோகநாதன் சாருங்களா? நீங்க கடையக் குடுத்த ஜாப் ஒண்ணு இங்க கிடக்குது. நேர்ல வந்து எடுத்துக்கோங்க."

"நான் எந்த ஜாபும் குடுக்கல."

"உங்க கையெழுத்துல சீட்டு இருக்குதுங்க."

"கம்பெனிக்குப் பேசுங்க."

"கம்பெனிக்கு வேண்டாம். நீங்க வாங்க." வைத்துவிட்டாள்.

மனைவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்குப் போன் செய்து ஜாப் எடுத்துக்கொள் என்கிறாள். நேரில் போய் நாலு வார்த்தை கேட்காமல் விடப்போவதில்லை.

அக்டோபர் 5, திங்கள்

போனேன்.

கணபதியில் இறங்கி மூன்று பேரிடம் வழி கேட்டேன். மூன்றாவது ஆள், "புகை வர்ற எடம்" என்று கையைக் காட்டினான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேலே ஒரு புகைக்கூண்டு. உள்ளே விறகுப் புகையும் எண்ணெயும் கலந்த வாடை. சுவரோரம் பச்சைப் பெயின்ட் அடித்த பழைய நீராவி இன்ஜின், என் உயரத்துக்கு ஒரு சக்கரத்தோடு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. கூரைக்குக் கீழே நீளமாக ஒரு இரும்புத் தண்டு சுழன்றது. அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி நான்கு லேத்துகளைச் சுற்றின. கரன்ட் மோட்டார் எல்லாம் ஓரமாகச் சும்மா கிடந்தது.

மூலையில் நெட்டுக்குத்தலாக ஒரு பாய்லர். பிரஷர் காட்டி நான்கு கிலோவில் நின்றது. அதைப் படித்துவிட்டேன், படித்த பிறகுதான் என் கால் இரண்டு அடி பின்னால் போயிருப்பது தெரிந்தது.

பாய்லருக்கு முன்னால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு அம்மாள். நாற்பத்தைந்து இருக்கும். கண்ணாடிக் குழாயின் அடி வால்வைத் திறந்து தண்ணீர் மட்டம் சரியாக ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன் பண்ணுனது யாரு?"

"நாந்தான், கமலவேணி. கொஞ்சம் நில்லுங்க, தண்ணி பாத்துட்டு வந்தர்றேன்."

"நிக்க நேரமில்ல. ரெண்டு மாசங் கழிச்சு ஜாப் கிடக்குதுன்னு போன் பண்றீங்க. ஒருத்தன் எந்த நெலமையில இருக்கறான்னு விசாரிச்சுட்டுப் பண்ண மாட்டீங்களா?"

அவள் வால்வை மூடி, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கோவமா வந்திருக்கறீங்க. நல்லது. நானும் கோவமாத்தான் இருக்கறேன். உக்காருங்க."

உட்காரவில்லை. அவள் மர அலமாரியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்துப் பிரித்தாள். பளபளவென்று ஒரு பிளக். இன்ஸ்பெக்டரின் வெள்ளைத் துணியில் இருந்ததற்குக் கூடப்பிறந்தது. அதோடு ஒரு சீட்டு: சாம்பிள் படி. பித்தளை. 2. அவசரம். கீழே என் கையெழுத்து.

"ஆயுத பூசைக்கு அலமாரியைச் சுத்தம் பண்ணயில கெடச்சுது. ரெண்டு கேட்டுட்டு, ரெண்டாவது முடியறதுக்குள்ள ஒண்ணத்தான் எடுத்துட்டுப் போயிருக்கறீங்க. ஆகஸ்டுல நான் திருப்பதி போயிருந்தேன், ஆறுச்சாமி ஒருத்தருதான் கடையில. நான் இருந்திருந்தா இத லேத்துல ஏத்த உட்டிருக்க மாட்டேன். பாத்ததுமே தெரிஞ்சுது இது என்ன சாமான்னு. அப்பறம் பேப்பர்ல படிச்சது ஞாபகம் வந்துச்சு. உங்க ஊரு, உங்க கம்பெனி, லேப்ல ஒரு பொண்ணு."

"அந்தப் பொண்ணு என்ற பொண்டாட்டி."

லேத்தில் நின்ற ஆறுச்சாமி பெல்ட்டை ஒதுக்கித் தள்ளினார். அவர் லேத் மட்டும் நின்றது. மற்றவை ஓடின.

கமலவேணி என்னைப் பார்த்தாள். அனுதாபம் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்? உங்காளு ஈயம் இல்லாம கட்டியா கடைஞ்சு குடுத்திருக்கறாரு. சாம்பிள்ல ஈயம் இருந்துச்சில்ல? கண்ணு அவிஞ்சா போச்சு?"

"ஆறுச்சாமியண்ணா, இங்க வாங்க."

ஆறுச்சாமி கையில் கழிவுப் பஞ்சோடு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பிளக்கிடம் பேசினார். "எங்க வேல சாம்பிள் பாத்துப் போடறதுதானுங்க. எதுக்குன்னு கேக்கறது வழக்கமில்ல. ஒரு நாளைக்கு நாப்பது சாம்பிள் வரும். நீங்க அனுப்புனது ரெண்டு பக்கமும் உப்புப் படிஞ்சு கட்டியாத்தானுங்க இருந்துச்சு. அளவெடுத்து ஒண்ணக் கடைஞ்சு முடிச்சப்பறம் சாம்பிளத் தொடைச்சேன், நடுவுல வேற சாயல் தெரிஞ்சுது. சென்னியப்பங்கிட்டச் சொன்னேன், உங்க சார்கிட்டக் கேட்டுக்கோன்னு."

"அவன் கேக்கலையா?"

"கேட்டாருங்க. இந்தா, இங்க நின்னுதான் போன் போட்டாரு. மெசின் சத்தத்துல காது கேக்கலைன்னு ஸ்பீக்கர்ல போட்டாரு."

அவராகவே சொன்னார்.

"'கட்டியா இருந்தாப் பரவால்ல, இப்போதைக்கு மாட்டுங்க, திங்கக்கெழம துளை போட்டு ஈயம் ஊத்திக்கலாம்'னீங்க."

"அது நான்தான்னு எப்படித் தெரியும்?"

"இப்பப் பேசறீங்களே, இதே கொரலுதானுங்க."

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சக்கரத்துக்கு அவசரமே இல்லை.

கமலவேணி பாய்லர் பக்கத்தில் பூசைத் தட்டைக் காட்டினாள். குங்குமம் வைத்த இரண்டு பித்தளைத் துண்டுகள் இருந்தன. ஒரு பிளக்கை நீளவாக்கில் இரண்டாக அறுத்தது. நடுவில் சாம்பல் நிறத்தில் ஈயம் தெரிந்தது.

"பூசையன்னைக்கு இந்தக் கடையில கரன்ட் மோட்டாரே ஓடாது, நீராவிலதான் எல்லாம் ஓடும். அதுக்கு முந்தி இந்த மாதிரி ஒரு நாள் ஓட்டிப் பாத்துக்குவோம். தீ போடறதுக்கு முன்னால பழைய பிளக்கைக் கழட்டி, கடையில இருக்கறவங்க எல்லாரும் பாக்க அறுத்துருவோம். உள்ள ஈயம் கெட்டியா இருக்குதான்னு பாக்கறதுக்கு ஒண்ணு. அறுத்தத யாரும் திரும்ப மாட்ட முடியாது, சாம்பிள்னு எங்கயும் தூக்கிட்டுப் போகவும் முடியாது, அதுக்கு ஒண்ணு. புது பிளக்கு கம்பெனியில வாங்குனது. நாங்களே லேத்துக்காரங்க, இதுவரைக்கும் ஒண்ணு கடைஞ்சதில்ல." என்னுடைய பிளக்கை எடுத்து வைஸில் வைத்து இறுக்கினாள். "அறுங்கண்ணா."

"எதுக்கு?" என்றேன்.

"நீங்க பாக்கோணும்."

ஆறுச்சாமி இரம்பத்தை வைத்தார். மஞ்சள் தூள் உதிர்ந்தது. நடுவுக்கு வந்ததும் ஈயத்தில் இரம்பம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும், சத்தம் மாற வேண்டும். நான் அதற்காகக் காத்திருந்தேன். இன்ஜினியரிங் படித்தவன், என்ன வரும் என்று தெரிந்தவன், அப்படியும் காத்திருந்தேன். சத்தம் மாறவில்லை. முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே சத்தம். இரண்டு பாதியும் விழுந்தன. மஞ்சள். எல்லாம் மஞ்சள்.

"ஒரு பாதி உங்ககிட்ட இருக்கட்டும்" என்றாள் கமலவேணி. "ஒரு பாதி எங்கிட்ட. யாராச்சும் வந்து கேட்டா நான் காட்டுவேன், ஆறுச்சாமியண்ணன் கேட்டதச் சொல்லுவாரு. நாங்களாப் போய்ச் சொல்ல மாட்டோம். அது நீங்க பண்ண வேண்டியது."

"போய்ச் சொல்ல வேண்டியதுதான? உங்களுக்கு என்ன பயம்?"

"பயமில்ல. டீ குடிக்கப் போனவன் உள்ள இருக்கறான்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு. எம் பாய்லர உட்டுட்டு நானும் டீ குடிக்கப் போறதுண்டு தம்பி. அந்தப் பிளக்கை நம்பித்தான் போறேன். அவனும் அப்படித்தான போயிருப்பான்?"

சீட்டை எடுத்து மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். பிறகு தண்ணீர் மட்டம் பார்க்கத் திரும்பிப் போய்விட்டாள். நான்கு வார்த்தை கேட்கப் போனவன் பாதி பிளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அக்டோபர் 6, செவ்வாய்

ஆகஸ்ட் 10, 17, 24, 31, செப்டம்பர் 7. ஐந்து திங்கட்கிழமைகள். ஒவ்வொன்றிலும் என்ன செய்தேன் என்று எழுதப் பார்த்தேன். முதல் திங்கள் ஏற்றுமதி ஆர்டர், பாய்லரை நிறுத்த விடவில்லை. இரண்டாவது திங்கள் ஒன்றுமில்லை. உட்கார்ந்திருந்தேன். கேன்டீனில் சுண்டல் போட்டார்கள். தாரணிக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு லேபுக்குப் போனேன். பாய்லர் ரூம் வழியாகத்தான் போனேன். குப்புராஜ் எழுந்து நின்று வணக்கம் வைத்தான்.

மற்ற மூன்றும் ஞாபகம் இல்லை.

அக்டோபர் 7, புதன்

ஜி.எம். வந்தார். டைப் செய்த வாக்குமூலம் இரண்டு பக்கம் கொண்டுவந்திருந்தார். பழைய பிளக் ஒழுகியதால் குப்புராஜ் யாரிடமும் சொல்லாமல் ஒரு பித்தளைத் துண்டைத் தானே மாட்டிக்கொண்டான் என்று இருந்தது. என் பெயருக்கு மேலே கோடு போட்டு இடம் விட்டிருந்தது.

"அவனுக்குக் கையெழுத்தே ஒழுங்காப் போட வராது. பிளக்கு கடையறதுக்கு எங்க போனானாம்?"

"அதெல்லாம் கோர்ட்ல வரும்போது பாத்துக்கலாம் லோகு."

"சென்னியப்பன் உங்ககிட்டச் சொல்லிட்டானா?"

"சொன்னான். சென்னியப்பன் நம்மாளு, வாயத் தொறக்க மாட்டான்." குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. இதுல கையெழுத்துப் போட்டீன்னா ஊரு கண்ணுக்கு நீ பொண்டாட்டியப் பறிகுடுத்தவன். போடலைன்னா வேற பேரு. உம் மாமனாரு முன்னால எப்படிப் போய் நிப்ப?"

"அந்தத் திங்கக்கெழம பாய்லர நிறுத்த வேண்டாம்னது யாரு?"

"நாந்தான். அதுக்கப்பறம் எத்தன திங்கக்கெழம வந்துச்சு? ஒரு நாளாச்சும் எங்கிட்ட வந்து கேட்டியா?"

அவர் கழுத்தைப் பிடித்து நெரித்திருப்பேன். அவர் சொன்னது சரியாக இருந்ததால் முடியவில்லை.

"பேப்பர வெச்சுட்டுப் போங்க" என்றேன். சிரித்துக்கொண்டே எழுந்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அக்டோபர் 8, வியாழன்

காலை ஐந்து மணிக்கு எழுந்து அந்த வாக்குமூலத்தின் பின்பக்கத்தில் என் கையால் எழுதினேன். ஆகஸ்ட் 8-ஆம் தேதி எழுதிய சீட்டு. மூன்றரை மணிக்கு வந்த போன், நான் சொன்ன பதில். நாலு மணிக்குக் கிளம்பியது. ஐந்து திங்கட்கிழமைகள். தாரணி என் மனைவி என்று எழுதிவிட்டு அடித்தேன். அது அதில் வர வேண்டியதில்லை. ஒன்றரைப் பக்கம் ஆயிற்று. அவ்வளவுதான் விஷயம்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் ஆபீசில் கொடுத்தேன். சீட்டையும் பாதி பிளக்கையும் மேலே வைத்தேன். தேவசகாயம் இரண்டு தடவை படித்தார்.

"இதக் குடுத்தா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியும்லா?"

"தெரியும் சார். குப்புராஜுக்கு என்ன ஆகும்?"

"எடத்த விட்டுப் போனது தப்புதான், அதுக்கு லைசென்ஸ்ல கை வைப்போம். சாவுக்கு அவன் பொறுப்பில்லன்னு நான் எழுதிருவேன். சீக்கிரம் பெயில் கிடைக்கும். நீங்க ஊர விட்டுப் போகாதீங்க. மத்தியானத்துக்கு மேல போலீஸ்ல இருந்து கூப்பிடுவாங்க."

அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு ஃபைல் முடிந்த நிம்மதி மட்டும் இருந்தது.

அங்கிருந்து நேராகக் குப்புராஜ் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை வீடு. சரசாள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவாமல் எழுந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பிளக் என்றால் என்ன, அது எதற்கு, அதை யார் கட்டியாகப் போடச் சொன்னது, அது தெரிந்தே எத்தனை நாள் விட்டது. அவள் வந்த அன்று நான் கதவைச் சாத்தியதையும் சொன்னேன். திட்டுவாள் என்றுதான் போனேன். சாம்பல் கையாலேயே முகத்தில் ஒன்று போட்டிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

"அப்ப அவரு வந்துருவாருங்களா சார்?"

"வந்துருவாரு."

"எப்பங்க?"

"நாலஞ்சு நாளாகும்."

"சரிங்க சார்." உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்த குண்டாவை எடுத்தாள். பிறகு ஏதோ நினைத்தவள் போல நிமிர்ந்தாள். "தண்ணி குடிக்கறீங்களா?"

வேண்டாம் என்றேன்.

இப்போது அவள் தெருமுனையில் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி இரண்டரை. ஜி.எம். எட்டுத் தடவை கூப்பிட்டுவிட்டார். பிறகு ஒரு தெரியாத நம்பர், போலீசாக இருக்கும். எடுத்து, ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர்களும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

பஸ் ஒன்று வந்து போனது. ஏறவில்லை.

இப்போது மாமா கூப்பிடுகிறார். ஜி.எம். அவருக்குச் சொல்லியிருப்பார். அவர் ஒருவர்தான் கேட்க வேண்டியதைக் கேட்பார். காலையிலிருந்து யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அலைந்துகொண்டிருந்தேன். முழுதாக அடித்து நின்றது. மறுபடியும் அடிக்கிறது. திரையில் மாமா என்று வருகிறது. அந்தப் பெயரைத் தாரணிதான் இதில் ஏற்றிக் கொடுத்தாள்.

போனை அணைத்துவிட்டேன்.